கொன்ஃபித்தெயோர் என்னும் வினை

லத்தீனில் ஆரம்பித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் சாமி. பழக்கதோஷம். முழங்கால் தரையில் பட்டதும் வாய் தானாக அந்தச் சொல்லுக்குப் போய்விடுகிறது. திருவிழாவுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமிமார் வருவது எங்கள் கரையில் நெடுநாள் வழக்கம். பங்குச்சாமிக்கு எல்லார் குரலும் தெரியும். அதனால் கூச்சமான பாவங்களை இந்த ஒரு நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். நானும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

நான் சொன்ன சொல் என்னவென்று கேட்டீர்கள். கொன்ஃபித்தெயோர். ஒப்புக்கொள்கிறேன் என்று பொருள். மலைப்பக்கம் ஒரு குருமடத்தில் வாரம் இரண்டு நாள் லத்தீன் எடுக்கிறேன். இந்த வினையைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குத் தனி ருசி. கொன்ஃபித்தெயோர், கொன்ஃபித்தேரி, கொன்ஃபெஸ்ஸுஸ் சும். ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ள, ஒப்புக்கொண்டேன். வேர்ச்சொல் ஃபாரி, அதாவது பேசுதல். அதிலிருந்து ஃபத்தெயோர், மறைக்காமல் பேசுகிறேன். முன்னால் கொன் சேரும்போது முழுவதும் பேசுதல் என்று சிலர் சொல்வார்கள், எல்லாரோடும் கூடிப் பேசுதல் என்று சிலர். வகுப்பில் நான் முழுவதும் என்றே சொல்லிக்கொடுக்கிறேன். இன்னொரு விசேஷமும் உண்டு. பார்வைக்கு அது செயப்பாட்டு வினை. அடிக்கப்பட்டேன், அழைக்கப்பட்டேன் என்பவற்றின் உடுப்பைத்தான் அதுவும் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஆள் செய்வினை. யாரோ நமக்குச் செய்தது போலக் கேட்கும், செய்தது நாமாகவே இருப்போம்.

ரொம்பப் பேசுகிறேனோ? பின்னால் இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை சாமி. வந்தால் எனக்குத் தெரியும். இந்தக் கோயிலில் யார் எந்தப் பக்கம் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். நான் இங்கே உபதேசியார். சாவிகள் என் இடுப்பில்தான் இருக்கும். சின்ன வயதில் குருமடத்தில் சேர்ந்து, அப்பா கடலோடு போனதால் பாதியில் திரும்பியவன். தங்கைகளைக் கரையேற்றியபோது வயது தாண்டிவிட்டது. கலியாணமும் செய்துகொள்ளவில்லை. முகத்துக்கு நேராக சாரே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அரைச்சாமி. அதைக் கேட்டும் கேளாதவனாகவே இத்தனை வருஷமும் இருந்துவிட்டேன்.

எங்கள் மாதாவின் கையில் ஒரு குழந்தை சேசு இருந்தது. தந்தத்தில் செய்தது, என் உள்ளங்கை நீளம்தான் வரும். பழைய காலத்தில் கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். திருவிழா நாளில் மட்டும் அதைக் கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்து மாதாவின் கையில் வைப்பார்கள். சாமியாரைத் தவிர யாரும் தொடுவதில்லை. போன வருஷம் கொடியேற்றுக்குச் சில நாள் முன்பு அது காணாமல் போய்விட்டது.

அப்படித்தான் ஊருக்குச் சொன்னேன். உண்மையில் அது உடைந்துவிட்டது. இன்னும் சரியாகச் சொன்னால் உடைத்தேன். மத்தியானம், கோயிலில் யாரும் இல்லை, கையிலிருந்து நழுவியது, பீடத்துப் படியில் விழுந்தது. தலை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போய்விட்டன. துண்டுகளைத் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டில் பொதிந்து, அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்கிடையே கடலில் போட்டேன். நான் ஏன் அதைக் கையில் எடுத்தேன் என்று கேட்கிறீர்கள். தூசி துடைக்க. அதைப் பிறகு சொல்கிறேன் சாமி.

பெனினைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். நல்ல பையன். பையன் என்கிறேன், முப்பது தாண்டியவன். கடலுக்குப் போவான், ஐ.டி.ஐ. படித்தவன் என்பதால் கோயிலில் லைட் கட்டுகிற வேலையும் அவனுக்குத்தான். அதற்குக் கூலி வாங்க மாட்டான். அவனும் ரெஜிஷாவும் கலியாணம் செய்து நாளாகியும் பிள்ளை இல்லை. சேசு உடைவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கோயிலைப் பூட்டிவிட்டு நான் இறங்கிய ஒரு சாயங்காலம் படிக்கட்டில் காத்திருந்தான்.

“சாரே, ஒரு காரியம். ஆருட்டயும் பறையப்பிடாது.”

“என்ன மக்கா?”

“ரெஜிஷா உண்டாயிருக்கா. முந்தி ரெண்டு மட்டமும் ஊரெல்லாம் பறஞ்சு சந்தோசப்பட்டோம், நெலைக்கல்ல. இந்த மட்டம் வயிறு தானா பறையது வரைக்கும் நாங்க வாயத் தொறக்க மாட்டோம்ணு மாதாவுக்கு நேர்ச்ச வச்சிருக்கோம்.”

“பெறவு எனக்கிட்ட மட்டும் ஏன் பறையுதே?”

“பேரு வேணும்லா. நல்ல லத்தீன் பேரு. அத ஆலோசிக்க ஒங்களுக்கு நேரம் வேண்டாமா?”

சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கரையில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் நான். அப்படி ஒரு நம்பிக்கையை என் மேல் வேறு யாரும் வைத்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு பேர் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை சேசுவைக் காணவில்லை என்றதும் ஊர் கலங்கிப்போனது. பங்குச்சாமி அப்போது இருதய சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் இருந்தார். கமிட்டித் தலைவர் ராஜமணி உடனே போலீசுக்குப் போகலாம் என்றார். நான்தான் தடுத்தேன்.

“போலீசு வந்தா கல்ப்புக்குப் போற பிள்ளேளுக்க பாஸ்போர்ட்டுக்கு எடங்கேறு ராஜமணி. நம்ம காரியத்த நாம பாப்போம். குருசடியில சத்தியம் வைப்போம், அது போரும்.”

எல்லாருக்கும் அது இரக்கமான யோசனையாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது, அந்த நேரத்தில்.

எங்கள் ஊர்ச் சத்தியம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தோனியார் குருசடியில், அந்தச் சின்னக் கோயிலில், ஒரு மெழுகுதிரியை ஏற்றி, சந்தேகத்துக்குரியவன் கையில் கொடுப்பார்கள். நான் செய்யவில்லை, செய்திருந்தால் என் வீட்டு விளக்கு இப்படி அணையட்டும் என்று சொல்லி அவன் அதை ஊதி அணைக்க வேண்டும். குற்றம் செய்தவன் ஊத மாட்டான். இது போலீஸ் ஸ்டேஷனைவிட நிச்சயம் என்று எங்கள் ஆட்களுக்கு எண்ணம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டு ஆண் அந்தத் திரியை ஊத மாட்டான். சத்தியம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் ஊத மாட்டான். வீட்டு விளக்கு அணையட்டும் என்ற வார்த்தையைப் பிள்ளை கேட்டுவிடும் என்பார்கள். வீட்டில் விசேஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் மரியாதையோடு விட்டுவிடும்.

அந்த வார்த்தையைத்தான் பெனின் சொல்ல முடியாது.

அன்றைக்குக் கோயிலுக்குள் யார் யார் வந்தார்கள் என்று ராஜமணி என்னிடம் கேட்டார். பூக்கட்டுகிற பெண்கள், பெருக்குகிற வியாகுலம்மாள், லைட் கட்ட வந்த பெனின் என்று சொன்னேன். பொய் இல்லை சாமி. எல்லாரும் வந்தவர்கள்தான். நான் என்னைச் சொல்லவில்லை. உபதேசியாரைக் கோயிலுக்கு வந்தவன் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சத்தியம் வாங்குகிறவனும் நான்தான். வாங்குகிறவனிடம் சத்தியம் கேட்க வேண்டும் என்று எங்கள் ஊரில் இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

வியாகுலம்மாள் ஊதினாள். பூக்காரிகள் அழுதுகொண்டே ஊதினார்கள். பெனின் திரியை வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மெழுகு உருகி விரலில் விழுந்தது, அவன் கையை அசைக்கவில்லை.

“நான் எடுக்கல்ல,” என்றான். “ஆனா ஊத மாட்டேன்.”

ராஜமணி கேட்டார்: “எடுக்கல்லண்ணா ஊதுகதுக்கு என்னலே?”

“ஊத மாட்டேன்.”

பிறகு என்னைப் பார்த்தான். அதட்டலும் கெஞ்சலும் இல்லாத ஒரு பார்வை. இதோ என் ஆள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு மனிதன் பார்ப்பானே, அப்படி. நான் என்ன ஏது என்று விளக்கக்கூட வேண்டியதில்லை. அவனை விட்டுவிடுங்கள், காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. நான் அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் நேர்ச்சையை முறிக்க நான் யார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஊர்விலக்கு போட்டார்கள். அடியோ அபராதமோ இல்லை. அவனோடு யாரும் பேசக் கூடாது, அவன் வள்ளத்தில் யாரும் ஏறக் கூடாது, அவன் மீனை யாரும் ஏலம் கூறக் கூடாது. குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும். அவனோடு கடலுக்குப் போகிற கூட்டாளிகள் தலையைக் குனிந்துகொண்டு வேறு வள்ளங்களுக்குப் போனார்கள். தள்ள ஆளில்லாமல் அவனுடைய வள்ளம் மணலில் கிடந்தது. அவன் தகப்பனுடைய பழைய கட்டுமரத்தை எடுத்துத் தனியாகப் போக ஆரம்பித்தான். கிடைத்த மீனை ரெஜிஷா கூடையில் வைத்து பஸ் ஏறி, நம் ஆட்கள் இல்லாத சந்தையாகப் பார்த்து விற்றுவந்தாள்.

திருவிழா முடிந்து ஒரு நாள், என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தான். விலக்கில் இருக்கிறவன் முன்வாசல் வழியாக வந்தால் எனக்குத் தொந்தரவு என்று அவனாகவே யோசித்திருக்கிறான்.

“சாரே, அண்ணைக்கு நீங்க ஒரு வார்த்த பறஞ்சிருக்கலாம்,” என்றான்.

“ஒனக்க நேர்ச்சய நான் எப்பிடி மக்கா முறிக்கது?”

“அதும் செரிதான்,” என்றான்.

சாமி, அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதும் சரிதான் என்று ஒத்துக்கொண்டான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், குடித்துவிட்டுச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

“அஞ்சாம் மாசம் ஆனா வயிறு தெரியும் சாரே. அப்பம் நீங்க கமிட்டியில எந்திச்சு, இதுனாலதான் பெனின் ஊதல்லண்ணு பறஞ்சா போரும். ஒங்க வார்த்தைய ஆரும் தட்ட மாட்டாவ. பெறவு எடுத்தது ஆருண்ணு மொதல்ல இருந்து தேடட்டும்.”

“பறையுதேன் மக்கா,” என்றேன்.

“பேரு ஆலோசிச்சியளா?”

“ஆலோசிச்சிட்டிருக்கேன்.”

அவன் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மொதல்ல இருந்து தேடட்டும் என்றானே, அதுதான். முதலிலிருந்து தேடினால் யாரோ ஒருவன் கேட்பான், சாரு ஏன் திரி ஊதல்ல என்று. ஒரு சின்னப் பிள்ளைகூடக் கேட்கக்கூடிய கேள்வி. கேட்டால் நான் ஊதிவிடுவேன், எனக்கு அணைய விளக்கு இல்லை. ஆனால் என் கை நடுங்கும். நடுங்குவதை எல்லாரும் பார்ப்பார்கள்.

யாரோ வந்திருக்கிறார்கள் சாமி. தெற்கு வாசலில் செருப்புச் சத்தம். குரலைக் குறைத்துக்கொள்கிறேன்.

ஆனி மாதக் கடல் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா. அன்றைக்கு முந்தின நாளே காற்று பிடித்திருந்தது. பெரிய வள்ளங்கள்கூட யோசித்து யோசித்து, கடைசியில் இறங்கவில்லை. பெனின் விடியற்காலம் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறான். வீட்டில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கும். அதை நான் விசாரிக்கவில்லை.

மத்தியான மணி அடித்து முடித்துக் கயிற்றை ஆணியில் மாட்டும்போது ரெஜிஷா ஓடி வந்தாள். எங்கள் கரையில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். அந்த மணி கேட்டால் சோற்றில் கை வைத்திருப்பவனும் எழுந்து ஓட வேண்டும். வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள்கூட ஒருவனை ஒருவன் தேடிப் போயிருக்கிறார்கள். உபதேசியாரும் கமிட்டித் தலைவரும் தவிர யாரும் அந்தக் கயிற்றைத் தொட மாட்டார்கள், மணி அடிக்காமல் போகவும் மாட்டார்கள். ஒருவன் தன் இஷ்டத்துக்கு இறங்கித் தேடினால், போன ஆள் செத்துவிட்டதாக அவன் முடிவு கட்டிவிட்டான் என்று அர்த்தமாகிவிடும் என்று ஒரு பயம்.

“சாரே, மணி அடியுங்க. காலம்பற போனவரு இன்னும் வரல்ல.”

“கமிட்டிய ஒரு வார்த்த கேக்கணும் மக்கா. விலக்குல இருக்க வீடுல்லா.”

“கேளுங்க சாரே. இப்பளே கேளுங்க.”

ராஜமணி குழித்துறையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். போனை எடுத்துக் காதில் வைத்தேன். ரெஜிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அந்தத் துணிக்கு அடியில் அப்போதுதான் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருந்தது.

“எடுக்கல்ல,” என்றேன். “கலியாண வீடுல்லா, சத்தத்துல கேக்காது.”

கடற்கரைக்கு ஓடினாள். ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள், வள்ளங்களின் நிழலில், கடலைப் பார்த்துக்கொண்டு. அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மணி அடிக்கட்டும் மக்கா, ஒரு நிமிசம் நிக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோலைக்கூட நிரப்பி வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுபடி என்னிடம் ஓடி வந்தாள். நான் மறுபடி போனைக் காதில் வைத்தேன். மறுபடி கடற்கரைக்குப் போனாள். இப்படியே சாயங்காலம் ஆனது.

ராஜமணி கலியாணத்திலிருந்து திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் விஷயம் கேட்டு, வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் ஓடிவந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். “இதுக்கும் ஒருத்தரக் கேக்கணுமா சாரே,” என்றார். “எனக்கு ஒரு போனும் வரல்லியே.”

“ரேஞ்சு இல்லாம இருந்திருக்கும்,” என்றேன்.

ரேஞ்ச் இருந்தது சாமி. நான் போனைக் காதில்தான் வைத்திருந்தேன், எண்ணை அழுத்தவில்லை. முதல் தடவையும் அழுத்தவில்லை, இரண்டாவது தடவையும் அழுத்தவில்லை. வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் அடிப்பதைக் கேட்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். பெனின் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தபோது தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

மணி கேட்டதும் எல்லா வள்ளமும் இறங்கின. இருட்டுவதற்குள் கட்டுமரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதில் அவன் இல்லை. கட்டையில் துடுப்பைக் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்திருக்கிறான், மரத்தில் நகக்கீறல் இருந்தது என்று இழுத்துவந்தவர்கள் சொன்னார்கள். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்று ஒருவன் ஆரம்பித்தான். ராஜமணி அவனைப் பேசவிடவில்லை. உடல் பிறகுதான் ஒதுங்கியது.

விலக்கில் இருந்தவனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கலாமா என்று கமிட்டியில் கேள்வி வந்தது. நான் எழுந்து பேசினேன். செத்தவனோடு ஊருக்கு என்ன பகை, ரெஜிஷா மேலும் விலக்கு வேண்டாம், அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். ஓ, அதனால்தான் பெனின் ஊதவில்லையோ என்று வியாகுலம்மாள் கேட்டாள். இருக்கலாம், இனிமேல் அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று சொன்னேன். செத்தவன் கையில் திரி கொடுக்க முடியாதே. அதனால் அது அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஊரில் பெனின் என்றால் சேசுவைத் திருடினவன்தான். பாவம் என்று சேர்த்துச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் அவனுக்குக் கல்லறையில் நல்ல இடம் வாங்கிக் கொடுத்தேன் சாமி. வடக்குச் சுவரோரம், நிழல் விழுகிற இடம்.

ரெஜிஷாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நாளைக்குத் திருவிழாப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். பெனின் என்னிடம் பேர் கேட்டிருந்ததை அவளுக்குச் சொல்லியிருக்கிறான். போன வாரம் வந்து கேட்டாள். ஃபெலிசியா என்று சொன்னேன். சந்தோஷமானவள் என்று அர்த்தம். அவரு ஆசப்பட்ட பேருல்லா சாரே என்று சொல்லி அழுதாள். ஞானத்தகப்பனாக நிற்க ஆள் இல்லை, திருடன் பிள்ளைக்கு யார் நிற்பார்கள். நீங்க நிப்பியளா என்று கேட்டாள். நிற்கிறேன் என்றேன்.

ஞானத்தகப்பனாக நிற்கிறவன் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். அதை இங்கே கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உபதேசியார் நற்கருணைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் ஊர் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். அப்படிச் சொல்லும்போதே எனக்கே நன்றாகத்தான் இல்லை.

நீங்கள் சொல்வது கேட்கிறது. ஒருவனுடைய நல்ல பேரை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளைக்குப் பூசையில் மைக்கைப் பிடித்துச் சொல், பெனின் எடுக்கவில்லை என்று மட்டுமாவது சொல் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா சாமி? நம் பெரியவர்கள் கொன்ஃபித்தேரிக்குப் போட்ட தமிழ் என்ன? பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் பலர் கூடிய இடத்தில் வாய்விட்டுச் சொல்வது. ஆதியில் கோயில் வாசலில் நின்றுதான் சொன்னார்கள். இந்தக் கூண்டும் தட்டியும் திரையும் பின்னால் வந்தவை. இதையெல்லாம் நான் பாடமாகவே எடுக்கிறேன்.

பெனின் எடுக்கவில்லை என்று நான் சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். உடைத்தது நான் என்று சொன்னால், எதற்குத் தொட்டீர் என்று கேட்பார்கள். தூசி துடைக்க என்று உங்களிடம் சொன்னேன். துடைக்க இல்லை.

மத்தியானம் கோயில் பூட்டியிருக்கும்போது நான் பங்குச்சாமியின் பூசை உடுப்பைப் போட்டுக்கொள்வேன் சாமி. தங்கச் சரிகை வைத்தது, திருவிழாவுக்கு மட்டும் எடுப்பது. போட்டுக்கொண்டு, குழந்தையைக் கையில் ஏந்தி, வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மெதுவாக நடப்பேன். காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் கொடுப்பேன். பல வருஷமாக. வேறு ஒரு கெட்ட பழக்கமும் எனக்குக் கிடையாது. அன்றைக்கு வலது கையைத் தூக்கும்போது இடது கையிலிருந்து நழுவிவிட்டது.

அவ்வளவுதான் காரணம். அரைச்சாமி உடுப்புப் போட்டு நாடகம் ஆடினான் என்று ஊர் சிரிக்கும். ஏல விளியில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், பிள்ளைகள் துணியைச் சுற்றிக்கொண்டு என்னைப் போல நடந்து காட்டுவார்கள். கொலைகாரன் என்று சொன்னால்கூட என்னால் தாங்க முடியும் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை முடியாது. ஒரு மனிதனின் உயிருக்கும் இதற்கும் எடை போட்டுப் பார்த்தேனா என்றால், போடவில்லை. போட்டிருந்தாலும் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதுதான் எனக்கு வெட்கம். செத்துப்போகலாம் போல வெட்கம்.

நான் இனி சரியாகச் சொல்கிறேன். குழந்தை சேசுவை உடைத்தேன். பெனின் ஊத மாட்டான் என்று தெரிந்தே சத்தியத்துக்கு ஏற்பாடு செய்தேன்; கமிட்டி கூடுவதற்கு முன்பே தெரியும். அவன் என்னைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். மணிக் கயிறு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க, அவனைக் கடலில் சாகவிட்டேன். கொன்ஃபெஸ்ஸுஸ் சும். ஒப்புக்கொண்டேன், முடிந்தது. சொல்ல வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. மற்றதெல்லாம் கடவுளுக்கும் எனக்கும் உள்ளது. அந்தப் பிள்ளையை நான் படிக்க வைக்கிறேன், என் வீட்டை அவள் பேருக்கு எழுதி வைக்கிறேன், லத்தீன்கூடச் சொல்லிக்கொடுக்கிறேன். திருடன் மகள் என்று யாராவது சொன்னால் நானே முன்னால் நின்று கண்டிக்கிறேன். மைக் மட்டும் வேண்டாம்.

ஏன் இன்னும் மன்னிப்புச் சொல்ல ஆரம்பிக்கவில்லை சாமி?

பின்னால் யார் என்று கேட்கிறீர்களா? திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். ரெஜிஷாதான். நாளைக்குத் தாயும் நற்கருணை வாங்க வேண்டுமல்லவா, அதற்காக வந்திருக்கிறாள். வரிசையில் அவள் மட்டும்தான் நிற்கிறாள், பிள்ளை தோளில் கிடக்கிறது. இல்லை, எதுவும் கேட்டிருக்காது, தள்ளித்தான் நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மன்னிப்பை மட்டும் சொல்லிவிடுங்கள், நான் எழுந்து அவளுக்கு இடம் விடுகிறேன். கொஞ்சம் சத்தமில்லாமல் சொல்லுங்கள் சாமி. பிள்ளை இப்போதுதான் தூங்கியிருக்கிறது.